'ஃபேங்' என்ற சொல் முதலில் பல்லைக் குறித்ததா, பிடிப்பதைக் குறித்ததா?

பாயான்பாரு வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் நூலகத்துக்காகப் பெற்றோர் சிலர் சேர்ந்து பினாங்குத் தீவில் உள்ள பாம்புகளைப் பற்றி ஒரு சின்னக் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. மலாய்ப் பகுதியை எழுதுகிறவர் எல்லா இடத்திலும் 'தாரிங்' என்று போட்டு முடித்துவிட்டார். நான் இன்னும் பாம்பு, நாய் போன்றவற்றின் நீண்ட கூரிய பல்லைக் குறிக்கும் 'ஃபேங்' என்ற ஆங்கிலச் சொல்லோடு போராடிக்கொண்டிருக்கிறேன். கோரைப்பல் என்று எழுதினால் பிள்ளைகளுக்குக் காளியம்மன் சிலைதான் நினைவுக்கு வரும். நச்சுப்பல் என்றால் நாய்க்கும் மலைப்பாம்புக்கும் பொருந்தாது, அதுகளுக்கு நஞ்சே கிடையாது.

இதற்கு நடுவில் எங்கள் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பொறியாளரை பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார்: அவர்கள் மொழியில் 'ஃபாங்' என்றால் முதல் பொருள் பிடி, பிடிபட்டது. மீனவர் வலையில் விழும் மீனும் ஃபாங்தான். சிறைச்சாலைக்கு அவர்கள் சொல்லும் 'கெஃபெங்னிஸ்' என்ற பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததாம். அப்படியானால் ஆங்கிலத்திலும் இது முதலில் பல்லே இல்லையா? 'டஸ்க்' என்று யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் சொல்கிறார்களே, அது இதற்கு உறவா, வேறு குடும்பமா?

கையேட்டுக்கு ஒரு நல்ல சொல் வேண்டும், அதுதான் அவசரம். ஆனால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ள ஆசை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், நான் பொறுமையாகப் படிப்பேன்.


கெடா மணி:

சகோதரி, பிள்ளைகளுக்கான கையேடு என்றால் 'கூரிய பல்' என்று போட்டுவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து. தோட்டத்தில் வளர்ந்தவன் நான், அங்கே யாரும் நச்சுப்பல் என்று சொல்லிக் கேட்டதில்லை. 'பல்லைப் பதிச்சிருச்சு' என்பார்கள், அவ்வளவுதான். சொல்லின் வரலாறு பற்றி எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்தவர்கள் எழுதட்டும், நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.


ஆயர் ஈத்தாம் ஆசிரியர்:

அம்மா, அந்த ஜெர்மன்காரர் சொன்னது சரி. ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பல்லாகப் பிறக்கவில்லை. நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன், இந்த ஒரு சொல்லின் மேல் எனக்குப் பல வருடங்களாகவே ஒரு பிரியம் உண்டு, அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில், 'ஃபோன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. நம் கையில் இருக்கும் தொலைபேசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல். இந்த ஃபோன் என்றால் பிடி, கைப்பற்று, எடுத்துக்கொள் என்று பொருள். இறந்த காலத்தில் அது 'ஃபெங்' ஆகும், பிடிபட்ட என்று எச்சமாக வரும்போது 'ஃபாங்கென்' ஆகும். ஆங்கிலோ சாக்சன் ஆண்டேடுகளைப் பார்த்தால் ஒரு மன்னன் இறந்து அடுத்தவன் பட்டத்துக்கு வரும் இடத்திலெல்லாம் 'ஃபெங் தோ ரீச்செ' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். ஆட்சியைப் பிடித்தான் என்று அர்த்தம். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! இந்த வினையோடு சேர்ந்த பெயர்ச்சொல்தான் 'ஃபாங்'. பிடித்த இரை, கொள்ளைப் பொருள், பிடிக்கும் செயல், இவைதான் அதன் பொருள்கள். பல் அதில் எங்குமே இல்லை.

சட்டத்தில் இது எவ்வளவு ஊறியிருந்தது என்று பாருங்கள். நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தது 1066இல், அதற்கும் முன்பே 'இன்ஃபாங்கெந்தேயோஃப்' என்று ஓர் உரிமை இருந்தது. ஒரு நிலப்பிரபுவின் எல்லைக்குள் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனை அந்தப் பிரபுவே விசாரித்துத் தண்டிக்கலாம் என்பது அந்த உரிமை. உள்ளே பிடிபட்ட திருடன் என்பதுதான் சொல்லுக்குச் சொல் பொருள். இதற்கு இணையாக வெளியே பிடிபடும் திருடனைப் பற்றியும் ஓர் உரிமை இருந்தது. ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கில், திருடிய பொருளோடு பிடிபட்டவனை 'ஃபேங்கோடு' பிடிபட்டவன் என்றே சொல்வார்கள். அங்கே ஃபேங் என்பது திருட்டுப் பொருள்.

ஷேக்ஸ்பியரிடம் இந்தச் சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃபைக் கைது செய்ய வரும் அதிகாரிகள் இருவரில் ஒருவன் பெயர் ஃபேங், கூட வருகிறவன் பெயர் ஸ்னேர், அதாவது கண்ணி. பிடிக்கிறவனும் கண்ணி வைக்கிறவனும் ஜோடியாக வருகிறார்கள். ஆனால் அவருடைய இன்னொரு நாடகத்தில், காட்டில் வாழும் நாடு இழந்த பிரபு குளிர்காற்றைப் பனிப்பல் கடிப்பதாகச் சொல்லும்போது அதே ஃபேங் பல்லாகிவிடுகிறது. அந்த நாளைய பார்வையாளர்களுக்கு இரண்டு பொருளும் காதில் விழுந்திருக்கும்.

சரி, பல் எப்போது வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'ஃபெங்தோத்' என்று ஒரு கூட்டுச்சொல் உண்டு, பிடிபல் என்று அப்படியே தமிழாக்கலாம். ஜெர்மனில் இன்றைக்கும் 'ஃபாங்ட்சான்' என்று அதே அமைப்பில் சொல் இருக்கிறது. தனியாக ஃபேங் என்றாலே நாய், ஓநாய் போன்றவற்றின் நீண்ட கூரிய பல் என்ற பொருள் 1550களில்தான் எழுத்தில் தெரிகிறது. கூட்டுச்சொல்லின் வால் உதிர்ந்து தலை மட்டும் நின்றது என்பதுதான் பொதுவான விளக்கம். பாம்பின் நச்சுப்பல்லுக்கு அது வந்தது அதற்கும் பிந்தி, ஏறக்குறைய 1800ஐ ஒட்டித்தான்.

ஏன் பிடித்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் மறைந்தது என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். 'டேக்' என்ற சொல் வைக்கிங் மக்களின் மொழியிலிருந்து வந்தது, 'கேட்ச்' நார்மானியப் பிரெஞ்சிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்த இந்த இரண்டும் பிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. வேலை பறிபோன பழைய வினை, மிருகத்தின் வாயில் மட்டும் தங்கிவிட்டது. 'நியூஃபேங்கில்ட்' என்ற சொல்லை மாணவர்கள் படித்திருப்பார்கள். புதுசு எதைக் கண்டாலும் எட்டிப் பிடிக்கும் குணம் என்பதுதான் அதன் மூலப் பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அதை ஒரு குணமாகத்தான் பயன்படுத்தினார், இப்போது அது புதுமோஸ்தர்ப் பொருளையே குறிக்கிறது. அதில் உள்ள ஃபேங்குக்கும் பல்லுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.


பாயான்பாரு வாசகி:

ஐயா, மிக்க நன்றி. பிடிபல் என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து போய்க் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். ஃபோன், ஃபெங், ஃபாங்கென் என்கிறீர்கள், முதல் வடிவத்தில் 'ங்' எங்கே போனது? அப்புறம் டஸ்க் பற்றி நீங்கள் சொல்லவில்லை.


பிரிக்ஃபீல்ட்ஸ் முத்து:

அக்கா, இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் ஐயா எழுதியதோடு எனக்கு உடன்பாடுதான், இது அதற்கு மேல் கொஞ்சம்.

ஃபோன் என்பது சுருங்கிப்போன வடிவம். இன்னும் பின்னால் போனால் அது 'ஃபன்ஹன்' போல ஒலித்திருக்கும் என்கிறார்கள். ஹகர ஒலிக்கு முன்னால் வந்த ன் கரைந்து, அதற்கு ஈடாக உயிர் நீண்டது, பிறகு ஹகரமும் தேய்ந்து போனது. ஆனால் அதே சொல்லின் சில வடிவங்களில் அழுத்தம் வேறு அசையில் விழுந்ததால் ஹகரம் ககரமாக மாறித் தப்பித்தது, கூடவே மூக்கொலியும் தப்பித்தது. அழுத்தத்தால் வரும் இந்த மாற்றத்தைக் கண்டு சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர், 19ஆம் நூற்றாண்டில். 'வா' என்பதையும் 'வந்தான்' என்பதையும் தமிழ் தெரியாதவருக்குக் காட்டினால் ஒரே வினை என்று நம்புவாரா? அதே மாதிரிதான்.

டஸ்க் வேறு குடும்பம். அது பல் குடும்பம். பழைய ஆங்கிலத்தில் 'துஸ்க்' என்றும் 'துக்ஸ்' என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், ஸ், க் இரண்டும் இடம் மாறும். கேள் என்று பொருள்படும் 'ஆஸ்க்' என்ற சொல்லையும் அந்தக் காலத்திலேயே 'ஆக்ஸ்' என்று மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. நமக்கு இது புதிதில்லை, தசையைச் சதை என்கிறோம், மதுரையை மருதை என்றவர்கள் நாம். இந்தத் துஸ்க், 'டூத்' என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு என்பதே பெரும்பாலோர் கருத்து.

டூத் என்பதிலும் ஒரு ன் காணாமல் போயிருக்கிறது. ஜெர்மனில் 'ட்சான்', லத்தீனில் 'தென்ஸ்', லிதுவேனியனில் 'தந்திஸ்', சமஸ்கிருதத்தில் 'தந்த'. ஆங்கிலம்தான் அந்த மெல்லினத்தை விழுங்கிவிட்டது. ஜெர்மானியர் வாயை 'முண்ட்' என்கிறார்கள், ஆங்கிலேயர் 'மவுத்' என்கிறார்கள், அதே கதை. ஆக நாம் யானைத் தந்தம் என்று சொல்லும்போது சமஸ்கிருதம் வழியாக வந்த அந்தச் சொல்லும், ஆங்கிலேயர் யானைக்குச் சொல்லும் டஸ்கும் தூரத்துப் பங்காளிகள்.

இப்போது என்னை ரொம்பவும் கவர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். யாக்கோப் கிரிம் 1822இல் ஓர் ஒழுங்கை விளக்கமாக எழுதினார். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் ஆகியவற்றில் பகரம் உள்ள இடத்தில் ஆங்கிலம், ஜெர்மன் குடும்பத்தில் ஃபகரம் வரும். பிதா என்பது ஃபாதர், பாதம் என்பது ஃபூட், பஞ்ச என்பது ஃபைவ். அப்படியானால் ஃபேங் என்பதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? பகரத்தில் தொடங்கி, கட்டுவது, இறுக்குவது, பிடிப்பது என்ற பொருளோடு ஒரு சொல். சொற்பிறப்பியல் அகராதிகள் அந்த வேரின் கீழ் சமஸ்கிருதத்தின் 'பாச'வைக் கொண்டுவந்து வைக்கின்றன. கயிறு, சுருக்கு என்று பொருள். எமனின் கையில் இருக்கிறதே பாசக்கயிறு, அந்தப் பாசம்! தாய்ப்பாசம் என்று நாம் சொல்வதும் அந்தக் கட்டிலிருந்து வளர்ந்த பொருள்தான். லத்தீன் வழியாக வந்த 'பேக்ட்', 'பீஸ்' எல்லாமும் அதே வேர் என்பார்கள், உடன்படிக்கை ஒரு கட்டு, சமாதானம் அந்தக் கட்டால் வருவது.

சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று சொல்கிறோம் அல்லவா. அந்த மூன்று சொல்லுக்குமே ஐரோப்பாவில் உறவு இருக்கிறது. பதிக்கு லத்தீனில் வல்லவன் என்று பொருள்படும் 'போதிஸ்'. பசுவுக்கு ஜெர்மனில் மாட்டைக் குறிக்கும் 'ஃபீ'. பாசத்துக்கு இந்த ஃபேங். உங்கள் ஜெர்மன் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் அக்கா.


சுங்கை பட்டாணி செந்தமிழ்:

தம்பி முத்து நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தெளிவு வேண்டும். பாசம், தந்தம், பஞ்ச எல்லாம் தமிழுக்கு வந்து சேர்ந்த சொற்கள். ஆங்கிலத்தோடு உறவு அந்தச் சொற்களுக்குத்தான், தமிழ் வேறு குடும்பம். இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு யாராவது இதைப் பார்த்துவிட்டுத் தமிழும் ஆங்கிலமும் ஒரே மூலம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், அப்புறம் அதைத் திருத்த முடியாது.

நம் குடும்பத்தில் பல் என்பது பல்தான். தெலுங்கில் பல்லு, மலையாளத்திலும் பல்லு. கன்னடத்தில் மட்டும் ஹல்லு. பால் அங்கே ஹாலு, புலி அங்கே ஹுலி. பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரம் ஆனது போல நம் வீட்டுக்குள்ளேயே பகரம் ஹகரமாகும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அந்த கிரிம் சொன்னதும் சட்டென்று புரியும்.

யானையின் தந்தத்துக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கொம்பு என்கிறோம், கொம்பன் என்று யானைக்கே பெயர். பழைய நூல்களில் மருப்பு, கோடு. வள்ளுவர் 599ஆம் குறளில் 'பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை வெரூஉம் புலிதாக் குறின்' என்கிறார். உடம்பு பெரியது, தந்தம் கூரியது, இருந்தும் புலி தாக்க வந்தால் யானை அஞ்சும். கோடு என்ற சொல் வளைவிலிருந்து வந்தது என்பார்கள், கோடுதல் என்றால் வளைதல். நடுநிலை தவறாமல் நிற்பதைக் கோடாமை என்று அதே வள்ளுவர் சொல்வதும் அந்த வினையிலிருந்துதான். தமிழன் யானையைப் பார்த்தபோது அந்தப் பல்லின் வடிவத்துக்குப் பெயர் வைத்தான். ஃபேங் என்ற சொல்லில் பல் செய்யும் வேலைக்குப் பெயர் வந்திருக்கிறது. இரண்டுமே நல்ல வழிதான், எனக்கு நம்முடையது கண்ணுக்கு நெருக்கமாகப் படுகிறது.

எயிறு என்ற சொல்லையும் மறந்துவிட வேண்டாம். காதலியின் பல்லுக்கும் எயிறுதான், புலியின் பல்லுக்கும் எயிறுதான். 1121ஆம் குறளில் 'வாலெயி றூறிய நீர்' என்று வருவது காதலியின் வெண்பல். வாளெயிறு என்று எழுதினால் வாள் போன்ற பல், அது விலங்குக்குப் போய்விடும். ஓர் எழுத்து லகரம் ளகரமாக மாறினால் காதலி புலியாகிவிடுவாள், எழுதும்போது கவனம் தேவை. பிள்ளைகளின் கையேட்டில் எயிறு வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஓரமாக ஒரு பெட்டியில் இருந்தால் மகிழ்ச்சி.


பாலேக் பூலாவ் பாம்பு நண்பன்:

வாசகி அக்கா, சொல் வரலாறு எல்லாரும் அருமையாக எழுதிவிட்டார்கள். கையேடு பாம்புகளைப் பற்றியது என்பதால் பல்லைப் பற்றி நான் சொல்கிறேன். வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிடித்து விடும் தன்னார்வக் குழுவோடு நான் போவது வழக்கம், பெரிய பாம்பு என்றால் பொம்பாவை, அதாவது தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு ஒதுங்கி நின்றுவிடுவேன்.

பாம்புக் கோயிலில் கிளைகளில் சுருண்டு கிடப்பது வாக்லர் குழிவிரியன். மலாயில் 'உலார் காப்பாக் தோக்கோங்', கோயில் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். விரியன்களின் நச்சுப்பல் நீளமானது, கீல் வைத்த மாதிரி மடியும். வாயை மூடியிருக்கும்போது பல் மேல் அண்ணத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும், கடிக்கும் நேரத்தில் முன்னால் நிமிரும். நாகப்பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பல் குட்டை, மடியாது, வாயின் முன்பக்கத்திலேயே நிற்கும். நம் ஊரில் உள்ள நஞ்சு துப்பும் நாகத்துக்கு அந்தப் பல்லின் துளை முன்பக்கம் பார்த்திருக்கும், அதனால்தான் எதிரில் நிற்பவரின் கண்ணை நோக்கிப் பீய்ச்ச முடிகிறது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். மூன்றாவது வகை, சதுப்புநிலக் காட்டில் மரத்தில் இருக்கும் கறுப்பு மஞ்சள் பூனைப்பாம்பு. அதற்கு நச்சுப்பல் வாயின் பின்பக்கம். கட்டுவிரியன் என்ற பெயரில் விரியன் என்று இருந்தாலும் அது நாகப்பாம்பு குடும்பம், பிள்ளைகள் குழம்பும் இடம் இது.

மலைப்பாம்புக்கு, இங்கே சாவா என்கிறோமே, அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் வாய் நிறையப் பின்னோக்கி வளைந்த பற்கள். ஒன்று மாட்டினால் இரை பின்னால் இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். கவ்விப் பிடித்துக்கொண்டு உடம்பால் சுற்றி நெருக்கும். ஆசிரியர் ஐயா சொன்ன பிடிபல் என்ற பழைய பொருளுக்கு நம் தீவிலேயே சரியான சொந்தக்காரர் மலைப்பாம்புதான். தரையில் வாழும் விரியன்கள் பல, எலியைக் கொத்திவிட்டு விட்டுவிடும், நஞ்சேறி அது எங்கே போய் விழுந்தாலும் வாசனையை வைத்துத் தேடிப் போய் விழுங்கும். அந்தப் பல்லின் வேலை பிடிப்பது இல்லை, ஊசி போடுவது. அதனால் இரண்டுக்கும் ஒரே சொல் போடாதீர்கள். நஞ்சு இறங்கும் துளையோ பள்ளமோ உள்ள பல்லுக்கு நச்சுப்பல். மற்றதற்குக் கவ்வும் பல், இல்லை ஐயா சொன்ன பிடிபல்.

ஒன்று சேர்க்கிறேன். நம் பழைய மருத்துவ மரபில் நாகத்தின் நச்சுப்பல் நான்கு என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: காளி, காளாத்திரி, யமன், யமதூதி. எந்தப் பல் பதிந்தது என்பதை வைத்துப் பிழைப்பானா மாட்டானா என்று கணிப்பார்கள். உண்மையில் வேலை செய்யும் நச்சுப்பல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டுதான், பின்னால் மாற்றுப் பற்கள் வரிசையாக வளர்ந்துகொண்டே இருக்கும், ஒன்று விழுந்தால் அடுத்தது அந்த இடத்துக்கு வரும். அந்த மாற்றுப் பல் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் நான்கு என்று எண்ணியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். கடி அடையாளத்தை வைத்து யாரும் கணிப்புச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், நேராக மருத்துவமனை.


செபராங் பிறை பேரன்:

பல் பற்றிப் பேசும்போது இதையும் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. முத்து அண்ணன் லத்தீன் 'தென்ஸ்' பற்றிச் சொன்னார். 'இண்டெஞ்சர்' என்ற சொல்லும் அந்தப் பல்லிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் பழைய காலத்தில் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டிப் பிரித்து ஆளுக்கு ஒரு பாதியைக் கொடுப்பார்கள். பிறகு சண்டை வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பற்கள் பொருந்தினால் உண்மையான பத்திரம். பல் வெட்டிய தாள், அதுதான் இண்டெஞ்சர்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே எங்கள் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிகள் கைநாட்டு வைத்தது அந்தப் பெயர் கொண்ட பத்திரத்தில்தான். அந்தக் காலத்தில் தாளைப் பல்லாக வெட்டும் வழக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மலாயாவுக்கு அந்த முறையில் ஆள் கொண்டுவருவது 1910இல் நிறுத்தப்பட்டது. என் முன்னோர் அப்படி வந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பிடித்து வைத்த தாளுக்குப் பல் என்று பெயர் இருந்திருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. கையேட்டுக்கு இது தேவைப்படாது, ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வருகிறவர்கள் படிக்கட்டும்.


ஆயர் ஈத்தாம் ஆசிரியர்:

தம்பி, இது கையேட்டுக்குத் தேவையில்லாமல் போகலாம், வரலாற்றுப் பாடத்துக்குத் தேவை. உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், சரிபார்த்துத் தர நான் தயார். செந்தமிழ் ஐயா சொன்ன குடும்பத் தெளிவையும் நான் வழிமொழிகிறேன். உறவுச் சொல்லும் கடன் சொல்லும் வேறு வேறு என்று தெரியாமல் படித்தால் இதெல்லாம் வெறும் ஒலி ஒற்றுமையாகிவிடும்.


பாயான்பாரு வாசகி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம். குழிவிரியன், நாகம், கட்டுவிரியன், பூனைப்பாம்பு பக்கங்களில் நச்சுப்பல். மலைப்பாம்பு பக்கத்தில் பிடிபல், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'கவ்விப் பிடிக்கும் பின்வளைந்த பல்' என்று ஒரு வரி விளக்கம். கோரைப்பல் நாய், பூனை படங்களுக்குப் போகிறது. கண்ணில் நஞ்சு பட்டால் செய்ய வேண்டியதை நாகத்தின் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுகிறோம். பின்னட்டையில் கோடு, மருப்பு, எயிறு மூன்றுக்கும் ஒரு பெட்டி, பல்லு ஹல்லு எடுத்துக்காட்டு அதற்குக் கீழே. செந்தமிழ் ஐயா, லகர ளகரத்தை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.

மலாய்ப் பகுதி எழுதுகிறவரும் இதையெல்லாம் கேட்டுவிட்டு மலைப்பாம்பு பக்கத்தில் தாரிங் என்பதை எடுத்துவிட்டு வெறுமனே பல் என்று பொருள்படும் கிகி என்று மாற்றப் போகிறார். பாம்பு நண்பன் தம்பி, பூனைப்பாம்பின் வாய் திறந்த படம் ஒன்று உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், பின்பக்கப் பல் தெரிகிற மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் சேர்த்துவிடலாம்.